ஐந்து சதத்துக்கும் பெறாதது



"அது ஐஞ்சு சதத்துக்கும் பெறாத கதை." யாழ்ப்பாணத்திலோ மன்னாரிலோ வளர்ந்த எவருக்கும் இந்தச் சொற்றொடருக்கு விளக்கம் தேவையில்லை. பொருட்படுத்தத் தகாத செய்தி, பயனற்ற பொருள், உதவாத மனிதன் என யாவற்றையும் இந்த ஓர் அளவுகோலால் அளந்து ஒதுக்கிவிடுவது நம்மவர் வழக்கம். மொன்றியலில் கியூபெக் மக்களோடு பழகுகிறவர்கள் இதே தொடரைப் பிரெஞ்சிலும் கேட்டிருப்பீர்கள். "சா வோ பா சேங் சென்" என்பார்கள். சொல்லுக்குச் சொல் அதே பொருள்: ஐந்து சதமும் பெறாது. அவர்களிடமிருந்து நாமோ, நம்மிடமிருந்து அவர்களோ இதைப் பெற்றுக்கொள்ளவில்லை. இரண்டு கடல்களுக்கு அப்பாலும் இப்பாலும் வாழ்ந்த ஏழை மக்கள், தங்கள் மடியிலும் சட்டைப்பையிலும் கிடந்த அதே அளவு நாணயத்தை எடுத்து, அதே வேலைக்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள். இந்தச் சொற்கள் எங்கிருந்து வந்தன, மனிதரைக் குறித்து நாம் அவற்றைச் சொல்லும்போது உண்மையில் என்ன சொல்கிறோம் என்பதைப் பற்றிச் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன். பொறுமையுடன் வாசியுங்கள்.

நாணயம் வருமுன் தமிழர் சிறுமையைத் தானியத்தால் அளந்தனர். எள்ளளவு, தினையளவு, துரும்பு, பதர் ஆகியன யாவும் வயலிலிருந்து வந்தவை. பயனற்ற சொல்லைப் பாராட்டுகிறவனை மனிதருள் பதடி என்று வள்ளுவர் ஒதுக்குவதும் உமியைத் தூற்றும் களத்தை மனத்தில் வைத்தே. கணக்கிலிருந்தும் சொற்கள் வந்தன. "இம்மியும் நகரவில்லை" என்கிறோமே, அந்த இம்மி பழந்தமிழ்க் கணக்கில் ஒரு பின்னத்தின் பெயர். காணி என்றால் எண்பதில் ஒன்று; முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று; இம்மி அதற்கும் மிகமிகக் கீழே. சுண்டைக்காயோ சமையலறைச் சொல். "சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்ற பழமொழியில் காயும் காசும் ஒன்றாய்ச் சேர்ந்துவிடுகின்றன.

அந்தப் பழமொழியிலுள்ள "பணம்" என்ற சொல்லைக் கவனியுங்கள். இன்று அது செல்வத்தின் பொதுப்பெயர். அன்று அது ஒரு குறிப்பிட்ட நாணயத்தின் பெயர். மிகச் சிறிய பொன் நாணயம். பின்னாளில் வெள்ளியிலும் அடிக்கப்பட்டது. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைக் கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். ஆக, ஒரு வராகனில் 3,360 காசுகள். "காசு பெறாது" என்று அக்காலத்தவர் சொன்னபோது அது வெறும் அலங்காரப் பேச்சாக இருக்கவில்லை. கடைத்தெருவில் எண்ணிப் பார்க்கக்கூடிய அளவொன்றையே அவர்கள் சொன்னார்கள்.

அந்தக் காசு உலகம் சுற்றிய கதை சுவையானது. போர்த்துக்கேயர் அதனைத் தம் நாவுக்கேற்பத் திரித்து வழங்க, ஆங்கிலேயர் அவர்களிடமிருந்து பெற்று, நடுவில் துளையிட்ட சீனத்துச் செப்பு நாணயத்துக்கும் "கேஷ்" என்றே பெயரிட்டனர். (கையிருப்புப் பணத்தைக் குறிக்கும் இன்றைய ஆங்கில "கேஷ்" வேறு, அது பெட்டி என்று பொருள்படும் ஐரோப்பியச் சொல்லிலிருந்து வந்தது. ஒலி ஒத்திருப்பது தற்செயலே.) 1809ஆம் ஆண்டு தை மாதத்தில், சென்னைக்கென இங்கிலாந்தில் அடிக்கப்பட்ட பத்துக்காசு, இருபதுகாசுச் செப்பு நாணயங்களைப் பெருமளவில் ஏற்றிவந்த "அட்மிரல் கார்ட்னர்" என்னும் கப்பல், இங்கிலாந்துக் கரையை விட்டு நீங்குமுன்பே குட்வின் மணற்திட்டில் சிக்கி மூழ்கியது. 1980களில் முக்குளிப்போர் அவற்றை அள்ளியெடுத்தனர். தமிழ்நாட்டின் ஒரு கடையையும் காணாத அந்தக் காசுகள் இன்று நாணயம் சேர்ப்போரிடம் நல்ல விலைக்குப் போகின்றன.

ஒல்லாந்தர் வந்தபோது அவர்களுடைய "டொய்ட்" என்ற சிறு செப்பு நாணயமும் வந்தது. நம் "துட்டு" அதிலிருந்து பிறந்தது என்பது அறிஞர் பலரின் கருத்து. இலங்கையில் அவர்களுடைய பெரிய நாணயமான "ரைக்ஸ்டாலர்", நம்மவர் ஆவணங்களில் "இறைசால்" என்று அழகாகத் தமிழாயிற்று. ஓர் இறைசாலுக்கு 48 ஸ்டைவர். ஒரு ஸ்டைவருக்கு நான்கு டொய்ட். அந்த நாலில் ஒன்றான செப்புக்காசுக்கு இலங்கையில் வழங்கிய பெயர் சல்லி. தமிழ்நாட்டில் மாட்டின் கொம்பில் கட்டிய காசே சல்லிக்கட்டுக்குப் பெயர் தந்தது என்று விளக்கம் சொல்வதும் இந்தச் சொல்லை வைத்தே.

இங்கே நின்று யோசிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டில் "சல்லிக்காசு பெறாது" என்றால் ஒன்றுக்கும் உதவாதது. சிங்களத்திலோ "சல்லி" என்றால் பணம்; முழுப் பணம். இலங்கை முஸ்லிம் மக்களின் தமிழிலும் அப்படியே. துட்டும் அவ்வாறே: ஒருபுறம் மிக அற்பமான காசு, மறுபுறம் "கையில் துட்டு இருக்கிறதா?" என்று கேட்கும்போது செல்வமே அது. காசும் பணமும் இதே இரட்டை வேடத்தில் நிற்கின்றன. வராகனுக்கோ இறைசாலுக்கோ இந்த வாழ்வு கிட்டவில்லை. பெரிய நாணயங்களின் பெயர்கள் ஆவணங்களோடு மடிந்தன. செல்வத்துக்குப் பொதுப்பெயராய் நிலைத்தவை ஏழையின் கையிலிருந்த காசுகளின் பெயர்களே. பெரும்பாலான மக்கள் வாழ்நாள் முழுதும் தொட்டுப் பார்த்த செல்வம் அவ்வளவுதான் என்பதே இதற்குக் காரணமாக இருக்க வேண்டும். அதே நாணயத்தைக் காட்டி "இது ஒன்றுமில்லை" என்று சொல்லும் வழக்கு, அது தேவைப்படாத கைகளில் பிறந்தது என்பது என் எண்ணம். மொழி இரண்டு பேச்சையும் ஒருசேரப் பாதுகாத்து வைத்திருக்கிறது.

இனிச் சதத்துக்கு வருவோம். இலங்கையில் பிரித்தானிய அரசு ரூபாயை நூறு சதங்களாகப் பகுத்து, 1872இலிருந்து அதனையே நாட்டின் கணக்காக்கியது. அதற்கென 1870ஆம் ஆண்டைத் தாங்கி அடிக்கப்பட்ட செப்பு நாணயங்களில் ஐந்து சதம், ஒரு சதம், அரைச் சதம் ஆகியவற்றோடு கால் சதமும் இருந்தது. ஒரு ரூபாயின் நானூற்றில் ஒரு பங்குக்கு ஒரு நாணயம்! ஒருபுறம் விக்டோரியா அரசியின் தலை. மறுபுறம் ஒரு தாழை இன மரமோ என ஐயுறத் தேவையில்லாமல் தெளிவாகப் பனைக் குடும்பத்து மரமொன்று. இருமருங்கும் சிங்களமும் தமிழும். கால் சதத்தை அடித்து வெளியிடும் அளவுக்கு அதற்குத் தேவை இருந்தது என்றால், அதைக் கொடுத்து ஏதோ ஒன்றை வாங்கியவர்கள் இருந்தார்கள் என்றுதானே பொருள்?

ஐந்து சதம் 1909இல் சதுர வடிவம் பெற்றது. மூலைகள் மழுங்கிய அந்தச் சதுரத்தை நம் பெற்றோரும் பாட்டன்மாரும் இருட்டிலும் விரல் நுனியால் அறிவார்கள். ஓரம் வளைந்து வளைந்து இருந்த இரண்டு சதமும் பத்துச் சதமும் பின்னர் வந்தன. சதம் என்ற சொல்லும் வேடிக்கையானது. வடமொழியில் நூறு என்று பொருள்படும் "சத"மும், இலத்தீனில் நூறு என்று பொருள்படும் "கெந்தும்" என்பதும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஆகவே யாழ்ப்பாணத்துச் "சத"மும் கியூபெக்கின் "சென்"னும் ஒன்றுவிட்ட சகோதரங்களே.

மொன்றியலின் பழைய மக்கள் சதத்தை அறியுமுன் "சூ"வை அறிந்திருந்தார்கள். இச்சொல்லின் வீழ்ச்சியைப் போன்ற ஒன்றை வேறெங்கும் காண்பது அரிது. நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேரரசர் கொன்ஸ்தந்தீன் "சோலிடுஸ்" என்ற பொன் நாணயத்தை வெளியிட்டார். ஓர் உரோமை இறாத்தல் பொன்னுக்கு 72 நாணயம். அந்தப் பொன்னின் பெயர் நூற்றாண்டுகளினூடே தேய்ந்து, மெலிந்து, கடைசியில் செப்புக்காசான "சூ"வாகி, "ஒரு சூவும் இல்லை" என்ற புலம்பலில் வந்து நின்றது. கியூபெக்கில் 25 சத நாணயத்தை முதியோர் இன்றும் "த்ரான்த் சூ", அதாவது முப்பது சூ என்பர். 25 எப்படி முப்பதாயிற்று? சதக் கணக்கு வருமுன் ஒரு டொலருக்கு ஐந்து ஷில்லிங். அதாவது 60 பென்னி. அதாவது 120 அரைப்பென்னி. அரைப்பென்னிதான் சூ. அதில் நாலில் ஒன்று முப்பது. "நாலு முப்பது சூவைக் கொடுத்து ஒரு டொலர் வாங்குவது" என்றால், அலைந்தும் ஒன்றும் ஆகாத மாற்றம் என்று பொருள். பணிமாற்றம், கட்சி மாற்றம் முதலியவற்றைப் பற்றி இந்நகரத்தார் இதை வாய்நிறையச் சொல்வதுண்டு.

1830களில் இங்கே சில்லறைக்குப் பெருந்தட்டுப்பாடு. தேய்ந்த காசு, கள்ளக்காசு, வணிகர் தாமே அடித்துக்கொண்ட தகடு, சிலவேளை வெறும் பொத்தான்கூடச் சந்தையில் கைமாறியது. ஒரு கட்டத்தில் வங்கிகள் இத்தகைய செப்புக்காசுகளை எண்ணிக்கைக்கு வாங்க மறுத்து, எடைக்கு மட்டுமே ஏற்போம் என்றன. முந்தைய நாள் ஒரு றாத்தல் பாண் வாங்கப் போதுமாயிருந்த காசு, மறுநாள் வெறும் உலோகமாயிற்று. பின்னர் மொன்றியல் வங்கியே பூங்கொத்து பொறித்த சூ வில்லைகளை வெளியிட்டது. அதிலும் "ஒரு சூ" என்பதைப் பிரெஞ்சில் பன்மையாகப் பிழையுடன் பொறித்துவிட்டார்கள். பிழையோடு வந்த அந்தக் காசு தடையின்றிச் சென்றது. பிழையின்றி உழைத்துச் சேர்த்த ஏழையின் காசு செல்லவில்லை.

இதற்குத் தமிழில் ஒரு தனிச்சொல் உண்டு: செல்லாக்காசு. சல்லிக்காசையும் செல்லாக்காசையும் நாம் ஒன்றுபோல் வழங்குகிறோம். இரண்டும் வெவ்வேறு. சல்லிக்காசு சிறியது, ஆயினும் செல்லும். செல்லாக்காசு பெரியதாகவும் இருக்கலாம். 2016 நவம்பர் 8ஆம் நாள் இரவில் இந்தியாவில் செல்லாமற் போனவை ஐந்நூறு, ஆயிரம் ரூபாய்த் தாள்கள். பத்து ரூபாய்த் தாள் மறுநாளும் தேநீர் வாங்கியது. கனடாவில் ஒரு சத நாணயம் கடைசியாக 2012 மே 4ஆம் நாள் வினிப்பெக்கில் அடிக்கப்பட்டது; அதனை அடிக்க 1.6 சதம் செலவாகிறது என்பது அரசு சொன்ன காரணம். 2013 பெப்ரவரி 4 முதல் அதன் விநியோகம் நின்றது. சட்டப்படி அது இன்றும் செல்லுபடியாகும் நாணயமே. ஆயினும் கடையில் நீட்டிப் பாருங்கள், வாங்க மாட்டார்கள். (அன்றிலிருந்து இந்நாட்டின் மிகச் சிறிய புழக்க நாணயம் ஐந்து சதம். பழைய சொல்வழக்கு காலம் கடந்து துல்லியமாகிவிட்டது!) காசு தானாகச் செல்லாக்காசு ஆவதில்லை. கல்லாவுக்கு அப்பால் இருக்கும் ஒருவர் கையை இழுத்துக்கொள்கிறார். அதன்பின்னரே அது செல்லாக்காசு.

பங்கில் முதியோரைச் சந்திக்கப் போகும்போது, "சுவாமி, நாங்கள் இப்ப செல்லாக்காசுதானே" என்ற வார்த்தையை அடிக்கடி கேட்கிறேன். ஊரில் முப்பது ஆண்டு கணிதம் கற்பித்தவர், கிராமம் முழுதும் வைத்தியம் பார்த்தவர், கூட்டுறவுச் சங்கத்தை நட்டமின்றி நடத்தியவர். இங்கே பிரெஞ்சு வரவில்லை, சான்றிதழை ஏற்கவில்லை, பேரப்பிள்ளையோ தமிழில் கேட்டால் வேறு மொழியில் பதில் சொல்கிறது. அவர்கள் இதைச் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். சுற்றியிருப்போரும் சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். அந்தச் சொல்லை அவர்கள் தம்மைக் குறைத்துச் சொல்வதாகவே நாம் எடுத்துக்கொள்கிறோம். நாணயத்தின் வரலாற்றை வைத்துப் பார்த்தால் அது அவர்களைப் பற்றிய சொல்லே இல்லை. வாங்க மறுத்த கையைப் பற்றிய முறைப்பாடு அது. அந்தக் கை அரச அலுவலகத்தில் மட்டும் இருப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். இரவு உணவு மேசையிலும் அது இருக்கலாம்.

நற்செய்தி இந்தச் சில்லறைக் கணக்கை நன்கு அறிந்திருக்கிறது. மாற்கு 12ஆம் அதிகாரத்தின் ஏழைக் கைம்பெண் காணிக்கைப் பெட்டியில் இட்டவை இரண்டு லெப்டோன். கிரேக்கத்தில் அச்சொல்லுக்கு மெலிந்தது என்று பொருள். உரோமைக் கணக்கறிந்த வாசகருக்காக, இரண்டும் சேர்ந்தால் ஒரு கொதிராந்து என்று மாற்கு விளக்கமும் தருகிறார். பழைய தமிழ் மொழிபெயர்ப்பு ஒன்று கொதிராந்துக்குத் "துட்டு" என்ற சொல்லையே இட்டது; பொருத்தமான தேர்வு. ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி. அதில் 128இல் ஒரு பங்கு லெப்டோன். பத்து மணிநேர வேலைநாளென்று கொண்டால், ஐந்து நிமிட உழைப்புக்கும் குறைவான கூலி. இந்தப் பகுதியைக் காணிக்கை சேர்க்கும் நாளில் வாசித்து, "அவளைப் போல் கொடுங்கள்" என்று சொல்வது எளிது. ஆனால் அதற்கு முந்திய வசனங்களில் ஆண்டவர், கைம்பெண்களின் வீடுகளை விழுங்கும் மறைநூல் அறிஞரைக் கடிந்துகொள்கிறார். அடுத்த அதிகாரத்தின் தொடக்கத்திலேயே அந்தக் கோவில் கல்லின்மேல் கல் இராதபடி இடிபடும் என்கிறார். இரண்டுக்கும் நடுவே அவள் வந்து தன் பிழைப்பு முழுவதையும் போடுகிறாள். அவளைப் புகழ்ந்த குரலில் கோபமும் கலந்திருந்தது என்று கருதும் விவிலிய அறிஞர் உண்டு. நானும் அவ்வாறே வாசிக்கிறேன்.

குருவிக் கணக்கு இதைவிட நுட்பமானது. மத்தேயுவில் ஒரு காசுக்கு இரண்டு குருவி. லூக்காவில் இரண்டு காசுக்கு ஐந்து. கணக்குப்படி நான்குதான் வரவேண்டும். ஐந்தாவது, கடைக்காரர் சேர்த்துப் போட்ட கொசுறு. சல்லிக்காசு விலைகூட அதற்கு இல்லை. கடவுள் முன்னிலையில் மறக்கப்படாத குருவிகளுள் ஒன்று என்று லூக்கா குறிப்பிடும்போது, அந்த ஐந்தாவதும் எண்ணிக்கையில் இருக்கிறது.

ஊரில் நம் தாய்மார் இதனைத் தங்கள் வழியில் அறிந்திருந்தார்கள். உலையில் இடுமுன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப்பானையில் இட்டு, கிழமைதோறும் கோயிலுக்குக் கொடுக்கும் பிடியரிசி வழக்கத்தை மூத்தோர் நினைவுகூர்வீர்கள். ஒரு பிடியின் விலை என்ன? கேட்டால் ஐந்து சதத்துக்கும் பெறாது.

மொன்றியலிலோ அந்த ஐந்து சதத்தை நாம் கண்ணாலேயே காணலாம். புனித யோசேப்பு பேராலயத்துக்கு நம் மக்கள், கத்தோலிக்கரும் சைவரும், ஆண்டு முழுதும் போய்வருகிறீர்கள். அதற்குக் காரணராயிருந்த அருட்சகோதரர் ஆந்திரே 1845இல் பிறந்தவர். இயற்பெயர் அல்ஃபிரட் பெசெத். இளமையிலேயே பெற்றோரை இழந்தவர், நோயாளி, எழுத்தறிவு குறைந்தவர். துறவற சபையில் அவரை ஏற்பதற்கே முதலில் தயங்கினார்கள். பின்னர் நோத்ர்-தாம் கல்லூரியின் வாயிற்காவலராய் வைத்தார்கள். அந்த வேலையில் அவர் நாற்பது ஆண்டளவு இருந்தார். கதவு திறப்பதோடு மாணவர்களுக்கு முடியும் வெட்டிவிடுவார். கூலி, தலைக்கு ஐந்து சதம்.

அந்த ஐந்து சதங்களும், புனித யோசேப்புக்கென்று வந்தவர்கள் இட்ட சில்லறைகளும் சேர்ந்து ஏறக்குறைய 200 டொலர் ஆனபோது, மலைச்சரிவில் ஒரு சிற்றாலயம் எழுந்தது. ஆண்டு 1904. பதினைந்துக்குப் பதினெட்டு அடி. நம்மில் பலருடைய வரவேற்பறை அதைவிடப் பெரியது. பேராலயத்தின் கட்டுமானம் 1924இல் தொடங்கி 1967இல்தான் நிறைவுற்றது. 1937 ஜனவரி 6இல் இறந்த ஆந்திரே அதனை முழுமையாகக் காணவில்லை. 2010 அக்டோபர் 17இல் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் அவரைப் புனிதராக அறிவித்தார்.

அந்த முதற் சிற்றாலயம் இன்னும் இருக்கிறது. பேராலயத்துக்கு வருவோரிற் பலர், முழந்தாளில் ஏறும் 99 மரப்படிகளையும் பெரிய குவிமாடத்தையும் பார்த்துவிட்டு, பக்கத்திலிருக்கும் இதைப் பாராமலே திரும்பிவிடுகிறார்கள். அடுத்தமுறை போகும்போது வீட்டிலுள்ள முதியவர்களையும் அழைத்துச் செல்லுங்கள். அங்கே படி ஏறும் சிரமம் அதிகமில்லை. உள்ளே அமர்ந்திருக்கும்போது, அவர்கள் ஊரில் ஐந்து சதத்துக்கு என்னென்ன வாங்கினார்கள் என்று கேளுங்கள். பிள்ளைகளும் அருகில் இருக்கட்டும்.

உங்கள் ஊரில் அற்பமானதைக் குறிக்க வழங்கிய வேறு காசுப் பெயர்களோ சொற்றொடர்களோ நினைவிலிருந்தால் கீழே எழுதுங்கள். தீவுப்பகுதி, மட்டக்களப்பு, மலையகம், தூத்துக்குடி ஆகிய இடங்களின் வழக்குகளை அறிய மிகவும் விரும்புகிறேன்.

இறையாசீருடன்.